ஆயுத பூஜை விடுமுறையில் தொட்டியை மடித்துவிடுவோம்

(செப்டம்பர் 14, ஞாயிறு மாலை நடந்த நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பராமரிப்புக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுவதையும் வெளியிடுகிறோம். இடையில் வந்த கேள்விகளையும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

தலைவர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் முப்பது வருடம் உப்பளத்தில் கணக்குப் பார்த்தவன், சொன்ன எடையை மீறிப் பழக்கமில்லை. ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் மீறுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேசப் போவது பின்பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளின் நீச்சல் தொட்டியைப் பற்றி. பத்தடி வட்டம், முப்பது அங்குல உயரம், இரும்புக் குழாய்ச் சட்டம், நடுவில் நீல நிறத்தில் பி.வி.சி. விரிப்பு. 2023 ஏப்ரலில் வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு வாங்கினோம். வெயில் காலத்தில் அது இல்லாமல் நம் பிள்ளைகளுக்குப் பொழுது போகாது. அதை வாங்கியது தப்பு என்று சொல்ல நான் எழுந்திருக்கவில்லை. வாங்கத் தெரிந்த நமக்கு அதை மூடி வைக்கத் தெரியவில்லை. இரண்டு வருடம், இரண்டு விதமாகத் தவறு செய்தோம். இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு.

தொட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தில் குளிர்காலத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. நம்மில் பலர் அதைப் பார்த்துச் சிரித்தோம். தூத்துக்குடியில் எங்கே குளிர்காலம்? பனி உறையும் ஊரில் தண்ணீர் ஐஸாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பம்பையும் குழாயையும் பிளந்துவிடும். அந்தப் பயம் நமக்கில்லை. ஆனால் நமக்கும் தொட்டியை மூட வேண்டிய ஒரு காலம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி நம் கரையில் தொடங்கும். அவர்கள் குளிருக்குப் பயந்து மூடுகிறார்கள், நாம் மழைக்கும் கொசுவுக்கும் பயந்து மூட வேண்டும்.

உப்பளத்தில் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை இறங்குவதற்கு முன் வாருகிறதை வாரி, அம்பாரம் கூட்டி, பனையோலை வேய்ந்து மூடிவிடுவார்கள். இப்போது சில இடத்தில் தார்ப்பாய். நாள் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். போன உப்பு திரும்ப வராது. அப்படிப்பட்ட இடத்தில் முப்பது வருடம் இருந்த நானே 2023-இல் இந்தத் தொட்டியை அப்படியே விட்டேன். காரணம் எளிது. உப்பு யாருடையது என்று தெரியும். தொட்டி எல்லாருடையது. எல்லாருடையது என்றால் யாருடையது?

2023 டிசம்பர் 17, 18 பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வெளியூரில் நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் திருச்சிப் பக்கத்துப் புதுக்கோட்டையா என்றுதான் கேட்பார்கள். அந்த இரண்டு நாளுக்குப் பிறகு கொஞ்ச காலம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். சுற்றுவட்டாரக் குளங்கள் நிறைந்து, கரை உடைந்து, தண்ணீர் நம் வாசலுக்கு வந்தது.

அன்றைக்குத் தொட்டி பாதித் தண்ணீரோடு வெளியே நின்றது. வெள்ளம் கீழே நுழைந்ததும் சட்டம் கழன்று, விரிப்பு மிதந்து போய் வடக்கு வாசல் வடிகால் கம்பி வலையில் அப்பிக்கொண்டது. அது தெரியாமல் நாம் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் தண்ணீர் இறங்கிய பிறகும் நம் வளாகத்துக்குள் மட்டும் இறங்கவில்லை. மறுநாள் காவலாளித் தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய்க் காலால் தடவிப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். வெள்ளம் தொட்டியால் வரவில்லை, அது இல்லாவிட்டாலும் வந்திருக்கும். ஆனால் கீழ்த்தளத்து இரண்டு வீட்டிலும் தண்ணீர் கூடுதலாக ஒரு இரவு நின்றதற்கு அந்த நீல விரிப்புதான் காரணம். அந்த வீட்டுக்காரர்கள் இன்றும் என்னிடம் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சரி, பாடம் படித்தோம் என்று 2024-இல் அக்டோபர் கடைசியில் அவசரமாகக் கழற்றினோம். மழை தூறத் தொடங்கிவிட்டது. விரிப்பை ஈரத்தோடு மடித்து மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே இரண்டு செங்கல் வைத்தேன். வைத்தவன் நான்தான். மடிப்பு மேல்பக்கமாக இருந்தது. பெய்த மழை அந்த மடிப்புக்குள் இறங்கித் தேங்கியது. கார்த்திகைத் தீபத்துக்கு விளக்கு வைக்க மாடிக்குப் போன ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டார்ச் அடித்தால் மடிப்பில் நின்ற அந்த ரெண்டு விரக்கடைத் தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது.

அதற்குச் சில நாள் முன்புதான் சி பிளாக்கில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண் பிள்ளைக்கு டெங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரி. ரத்தத் தட்டணு எண்ணிக்கையைத் தினமும் அந்தப் பிள்ளையின் ஆச்சி போனில் சொல்வார்கள், நாமெல்லாம் பரீட்சை முடிவு கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்போம். பிள்ளை நன்றாகத் தேறிவிட்டாள், அதோ முன் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். பெற்றோரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அவளைக் கடித்த கொசு அந்த மடிப்பில் பிறந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். சாக்கடையைத் தேடிப் போகாது, நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும். சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து போகிற கொசு இல்லை அது. ஆகவே நம்மைக் கடிப்பது பெரும்பாலும் நம் வளாகத்துக் கொசுதான். முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக வெயில் ஊரில் ஒரு வாரம், பத்து நாள் போதும். எனக்கே சமீபத்தில் தெரிய வந்த சங்கதி ஒன்று உண்டு. அது முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். கரித்தூள் போலக் கறுப்பாக இருக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். ஆகவே தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தேய்த்துக் கழுவாத தொட்டியை மடித்து வைத்தால், அடுத்த ஏப்ரலில் விரித்துத் தண்ணீர் விடும்போது போன வருடத்துக் கொசுவைப் பொரிக்க வைத்துவிடலாம்.

(பார்வையாளர் பகுதியிலிருந்து: “அண்ணாச்சி, இவ்வளவு பாடு எதுக்கு? மேல ஒரு மூடியப் போட்டு இறுக்கிக் கட்டிட்டா போதாதா?”)

நல்ல கேள்வி, நானும் அதையேதான் நினைத்தேன். மூடி போட்டால் மழைத் தண்ணீர் மூடி மேலே தேங்கும். நடுவில் குழிந்து இன்னொரு தொட்டியாகும். கீழே ஒன்று, மேலே ஒன்று. அதைவிடப் பயம், ஓடிப் பிடித்து விளையாடுகிற சின்னப் பிள்ளை மூடி கெட்டியாக இருக்கிறது என்று நினைத்து மேலே ஏறிவிடும். கூடவே சரிந்து உள்ளே போனால் மூடி மேலே சுற்றிக்கொள்ளும். தவழுகிற பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீர் போதும் மூழ்குவதற்கு. குளிர் நாடுகளில் கெட்டிச் சுவர் வைத்த பெரிய தொட்டிகளைத் தண்ணீரோடு மூடி வைப்பது உண்டு, அதற்கென்றே செய்த மூடிகள் அவர்களிடம் இருக்கின்றன. நம்முடையது மெத்துச் சுவர்த் தொட்டி. இதைச் செய்கிறவர்களே கழற்றி உள்ளே வைக்கத்தான் சொல்கிறார்கள்.

இன்னொரு யோசனை வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. “வெள்ளம் வந்தால் கீழே இருக்கிறது ஆபத்து, ஆகவே தொட்டியை மொட்டைமாடிக்கு மாற்றிவிடலாம், வருடம் முழுக்க அங்கேயே நிற்கட்டும்.” இதற்குப் பதினெட்டுப் பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். நான் கணக்குப் பிள்ளை, கணக்குச் சொல்லிவிடுகிறேன். நம் தொட்டியில் பிடிக்கிற தண்ணீர் சுமார் 4,500 லிட்டர். அதாவது நாலரை டன். அது நிற்கிற இடம் ஏழு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் வருகிறது. ஆட்கள் ஏறி நடமாடுகிற மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 கணக்கில் எடுக்கச் சொல்கிற சுமை, சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. நாலு மடங்கு! அதற்குள் பத்துப் பிள்ளைகள் குதித்தால்? வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மாடியில் நிற்கவில்லையா என்று கேட்பீர்கள். அதற்கென்று தூணும் உத்தரமும் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள், நடு ஸ்லாபில் வைக்கவில்லை. கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து எழுத்தில் தராமல் தொட்டி மாடிக்குப் போகாது. இதில் ஓட்டெடுப்பே வேண்டாம் என்பது என் கருத்து. கட்டைவிரல் தூக்கியவர்கள் கோபிக்கக் கூடாது.

இனி வேலைக்கு வருகிறேன்.

இந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் 1, புதன். மறுநாள் வியாழன் விஜயதசமி, காந்தி ஜெயந்தியும் அன்றைக்கே. எல்லாருக்கும் விடுமுறை. நம் வளாகத்தில் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். பூஜைக்காகச் சொல்லவில்லை. பெரும்பாலான வருடங்களில் மழைக்கு முன்னால் வருகிற, யாரும் மறக்காத, ஊரே எதையாவது துடைத்துக் கழுவிக்கொண்டிருக்கிற நாள் அது. அதை ஒட்டித் தொட்டியை மூடுவது என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வருடமும் தேதி தேட வேண்டாம். பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை அப்போதுதான், அழுவார்கள். ஆகவே செப்டம்பர் 28 ஞாயிறு மாலை வரை குளிக்கட்டும். அன்றைக்கே கடைசி.

ஞாயிறு மாலையிலிருந்து குளோரின் போடுவதை நிறுத்திவிடுகிறோம். நாலு நாள் வெயில் பட்டால் தண்ணீரில் இருக்கிற குளோரின் பெரும்பாலும் போய்விடும். நாம் போடுகிற வில்லைகள் வெயிலில் சீக்கிரம் குறையாதபடி மருந்து சேர்த்தவை, அதனால் சும்மா நம்பிவிடக் கூடாது. வியாழன் காலை சோதனைப் பெட்டியில் சொட்டு விட்டுப் பார்ப்போம். மஞ்சள் தெரியாவிட்டால் திறந்துவிடலாம், தெரிந்தால் இன்னும் ஒரு நாள். இந்த நாலு நாளும் மேலே கொசு வலை விரித்து ஓரத்தைக் கட்டி வைக்க வேண்டும். ஏணியை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். குளிக்காத தொட்டிக்கு ஏணி எதற்கு?

அந்த 4,500 லிட்டரை எங்கே விடுவது என்பதில் போன தடவை தகராறு வந்தது. சின்ன டேங்கர் லாரியில் முக்கால் பங்கு அது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற நாம் அதைச் சாக்கடையில் விடுவது பாவம். அடி வால்வில் ஹோஸ் மாட்டி முதலில் தென்னைக்கு, பிறகு வேம்புக்கு, பிறகு சுற்றுச்சுவர் ஓரச் செம்பருத்திக்கு. ஒரே இடத்தில் விட்டால் கட்டடத்தின் அடியில் ஊறும், மாற்றி மாற்றி விட வேண்டும், அரை நாள் ஆகும். மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் மட்டும் விடவே கூடாது. 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது ஊரெல்லாம் தோண்டியது மழைத் தண்ணீருக்காக. நம் குளோரினும் தலை எண்ணெயும் அதன் வழியாக நிலத்தடிக்குப் போகக் கூடாது.

தலை எண்ணெய் என்றதும் சிரிக்கிறீர்கள். தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் ஒரு பழுப்பு வளையம் படிந்திருக்கிறதே, அது என்ன என்று நினைத்தீர்கள்? தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு முங்குகிற நம் பிள்ளைகளின் கைங்கரியம். அந்த வளையத்தில்தான் முட்டையும் ஒட்டியிருக்கும். தண்ணீர் இறங்க இறங்கவே, ஈரம் காய்வதற்குள் தேய்க்க வேண்டும். மெத்தென்ற ஸ்பான்ஜ், பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர், இவ்வளவு போதும். தேங்காய் நாரும் இரும்பு நாரும் கொண்டுவராதீர்கள், விரிப்பில் கீறல் விழும், அழுக்கு அந்தக் கீறலில்தான் போய் உட்காரும். போர் தண்ணீர் விட்ட நாட்களில் படிந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கு வினிகரைத் தொட்டுத் துடைத்தால் போதும்.

கேளுங்கள், இதை இரண்டு முறை சொல்கிறேன். கறை போகவில்லை என்று யாரும் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகரும் ஆசிட்தான், அதனால் வினிகர் போட்ட இடத்தை நன்றாக அலசிய பிறகுதான் பிளீச்சிங் பக்கம் போக வேண்டும். குளோரின் நெடி எப்படி நெஞ்சைப் பிடிக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டாம்.

தேய்த்து அலசிய பிறகு பிளீச்சிங் ஒரு கை. பத்து லிட்டர் வாளியில் ஒரு மேசைக்கரண்டி பவுடரைக் கரைத்துத் தெளிய விட்டு, மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரால் உள்பக்கம் முழுக்கத் துடைக்க வேண்டும், முக்கியமாக அந்த வளையம் இருந்த இடம். அடியில் தங்குகிற சுண்ணாம்பு மண் விரிப்பைக் கீறும், அதைத் தொட வேண்டாம். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கழுவிவிடலாம். கடைசிக் கழுவல் மட்டும் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரில் நடக்கட்டும். நம் போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அதில் அலசிக் காய வைத்தால் உப்பு மட்டும் விரிப்பிலும் குழாய்ச் சட்டத்திலும் தங்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்துக்கொண்டே இருக்கும். துரு பிடிக்க வேறென்ன வேண்டும்?

சட்டக் குழாய்களைக் கழற்றும்போது மூட்டுக்கு மூட்டு நம்பர் எழுதிவிடுங்கள். 2024-இல் எழுதாததால் இந்த ஏப்ரலில் மூன்று மணி நேரம் நாலு ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டு பூட்டினோம், பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். குழாய்க்குள் நிற்கிற தண்ணீரைச் சாய்த்துக் கொட்டி, துடைத்து, ஒரு நாள் காய வைக்க வேண்டும். மேல்பூச்சு கீறின இடத்தில் துருத் தடுப்பு பெயிண்ட் தொட்டு வைத்தால் போதும். பம்பை முதலில் மின் இணைப்பிலிருந்து கழற்றி, உள்ளே இருக்கிற தண்ணீரை வடித்து, வடிகட்டி உருளையைத் தூக்கி எறிந்துவிடலாம். ஒரு பருவம் உழைத்த வடிகட்டியை அடுத்த வருடத்துக்கு வைப்பது பல் துலக்கின பிரஷ்ஷை விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி.

காய வைப்பதில்தான் நாம் தோற்றோம். விரிப்பு பெரியது, இரண்டு அடுக்காக வருகிற ஓரம், வால்வைச் சுற்றின மடிப்பு, குழாய் நுழைகிற உறைகள், இங்கெல்லாம் ஈரம் ஒளிந்துகொள்ளும். வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் பி.வி.சி. விறைத்து வெடிக்கும். காற்றோட்டமான நிழலில், கார் நிறுத்துமிடத்துக் கொடியில் தொங்கவிட்டு, இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட வேண்டும். வலையைக் காய வைக்காமல் சுருட்டுகிற மீனவனை நம் கரையில் பார்த்திருக்கிறீர்களா? சிமெண்ட் கைப்பிடிச் சுவரில் போடாதீர்கள், கிழியும். வியாழன் கழுவி, வெள்ளி, சனி இரண்டு நாள் காயட்டும். உறைகளுக்குள் விரல் விட்டுப் பார்த்து, விரல் ஈரமில்லாமல் வந்தால்தான் மடிக்கலாம். இடையில் மழை வந்தால் வேலையை நிறுத்தி உள்ளே இழுத்துக்கொள்வோம், ஈரத்தோடு மட்டும் மடிக்க மாட்டோம்.

மடிக்குமுன் முகத்துக்குப் போடுகிற பவுடரை மேலே தூவித் தடவினால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாது. விலை குறைந்தது போதும். மடிப்பு இறுக்கமாக இருக்கக் கூடாது, சேலை மாதிரி தேய்த்து மடிக்காதீர்கள், போர்வை மாதிரி தளர்வாக. இடையில் ஒரு சொந்த விஷயம். கலப்பில்லாத பி.வி.சி.யில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின்தான். குளோரின் உப்பிலிருந்து வருகிறது. நம் பக்கத்துச் சாகுபுரத்திலேயே உப்பிலிருந்து காஸ்டிக் சோடா, குளோரின், பி.வி.சி. எல்லாம் எடுக்கிறார்கள். அதனால் இந்த விரிப்பைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். அதை எலி கடித்தபோது அதனால்தான் கூடுதலாக வருத்தப்பட்டேன்.

ஆமாம், எலி. போன வருட விரிப்பை நாம் தூக்கி எறிந்தது பூஞ்சைக்காக மட்டும் இல்லை, ஏழு இடத்தில் எலி ஓட்டை. அதனால் இந்த முறை மூடியும் இரும்புக் கிளிப்பும் உள்ள பெரிய நீல டிரம் ஒன்று வாங்கியாகிவிட்டது. விரிப்பு அதற்குள். டிரம் சங்க அறைப் பரணில், முதல் மாடியில். கீழ்த்தளத்தில் வேண்டாம், டிசம்பரை நாம் மறக்கக் கூடாது. படிக்கட்டுத் திருப்பத்திலும் மின் மீட்டர் அறையிலும் வேண்டாம், நெருப்பு பிடித்தால் வெளியே வர வழி வேண்டும்.

(கேள்வி: “மிச்சம் இருக்கிற குளோரின் வில்லை, பிளீச்சிங் எல்லாம் அதே டிரம்மில போட்டுரலாமா?”)

கூடாது ஆச்சி, கூடவே கூடாது. அதன் காற்று பட்டாலே இரும்பு அரிக்கும். வில்லையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தாலும் ஆபத்து, தீயே பிடிக்கலாம். இரண்டும் தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில், ஈரமில்லாத, காற்று வருகிற இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். அதோடு பிளீச்சிங் பவுடர் வைக்க வைக்க வீரியம் இழக்கும். அடுத்த ஏப்ரலுக்கு அதை நம்ப முடியாது. மிச்சத்தைத் தரைத்தொட்டி கழுவுகிற அன்று தீர்த்துவிடுவோம்.

(கேள்வி: “கப்பி மீன் வாங்கி விட்டா கொசுப் புழுவத் தின்னுருமே?”)

குளத்தில் தின்னும். குளோரின் தண்ணீரில் மீன் முதலில் செத்துப் போகும். குளோரின் போடாமல் விட்டால் மீன் வளர்க்கலாம், பிள்ளைகள் குளிக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்தனையும் தொட்டிக்கு. அன்றைக்கே நாலு பேர் கையில் டார்ச்சோடு வளாகத்தை ஒரு சுற்று வர வேண்டும் என்பது குழுவின் வேண்டுகோள். பூந்தொட்டித் தட்டு, ஏ.சி. தண்ணீர் வாளி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, பால்கனியில் கவிழ்க்காத பக்கெட், பைக் டயர், இளநீர்க் கூடு. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் எங்களை உள்ளே விடுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வெளியே சொல்ல மாட்டோம்.

ஆட்கள் விவரம். கழுவுவதற்கு பிளாக்குக்கு இரண்டு பேர், ஆறு பேர் வேண்டும், இப்போது நாலு பெயர் வந்திருக்கிறது. காய வைத்துத் திருப்பிப் போடுகிற வேலையை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், இரண்டு மணிக்கொரு தரம் அலாரம் வைத்திருக்கிறார்களாம். ஞாயிறு 5-ஆம் தேதி மாலை மடிப்பு. அதற்கு முன் விரல் விட்டுப் பார்க்கிற பரிசோதகர் யார் என்று குழுவில் பேசினோம். சி பிளாக் ஆச்சி பெயரைச் சொன்னார்கள், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் சரி என்று சொல்லாமல் டிரம் மூடப்படாது.

அக்டோபர் 2 வியாழன் காலை ஆறு மணிக்குப் பின்பக்கம் வாருங்கள். ஸ்பான்ஜ் ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும், கை உறை சங்கம் தரும். காப்பியும் பனியாரமும் பி பிளாக்கில் ஒரு வீட்டில் பொறுப்பெடுத்திருக்கிறார்கள், ஆனால் வேலை முடிந்த பிறகுதான் தருவார்களாம். இன்னும் இரண்டு பெயர் வேண்டும். கூட்டம் கலைவதற்கு முன் என்னிடமே சொல்லிவிட்டுப் போங்கள்.